ஊசித்துளையில் தங்கிய டங்ஸ்டன்: ஒரு பயோசிமிலர் மருந்தின் மாசு ஆய்வு

337 நோயாளிகள் கலந்துகொண்ட ஒரு மருத்துவப் பரிசோதனை, இரண்டு பேரின் இரத்த முடிவுகளால் பாதியில் நிறுத்தப்பட்டது. எல்லோரும் சிறுநீரகம் பழுதாகி இரத்தசோகை வந்தவர்கள்; டயாலிசிஸ் கட்டத்துக்கு இன்னும் போகாதவர்கள். ஒரு பிரிவினருக்கு எப்ரெக்ஸ் என்ற மூல மருந்து, இன்னொரு பிரிவினருக்கு அதன் பயோசிமிலரான எச்எக்ஸ்575. (உயிருள்ள செல்களில் தயாராகும் ஒரு மருந்துக்கு ஒத்ததாக வேறொரு நிறுவனம் செய்யும் மருந்துதான் பயோசிமிலர்.) இரண்டுமே எப்போயெட்டின் ஆல்ஃபா, இரண்டுமே தோலுக்கடியில் போடும் ஊசி. யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. பயோசிமிலர் பிரிவில் இரண்டு பேருடைய உடல், அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருளை உருவாக்கியிருந்தது.

இரண்டே பேர்தானே என்று கடந்துவிடக்கூடிய விஷயம் இல்லை இது. எரித்ரோபொய்ட்டின் நம் சிறுநீரகமே சுரக்கும் ஹார்மோன். எலும்பு மஜ்ஜையிடம் "சிவப்பணுக்களை உருவாக்கு" என்று சொல்வது அதுதான். மருந்தாகக் கொடுக்கும் எப்போயெட்டின் இந்த ஹார்மோனின் நகல். நகலுக்கு எதிராகக் கிளம்பும் எதிர்ப்பொருளுக்கு அசலையும் நகலையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடலில் மிச்சம் இருந்த சொந்த ஹார்மோனையும் சேர்த்தே முடக்கிவிடும். மஜ்ஜையில் சிவப்பணு உற்பத்தி ஏறக்குறைய முழுதாக நின்றுபோகும். அப்புறம் நோயாளி இரத்தம் ஏற்றிக்கொண்டே வாழ வேண்டியிருக்கும். இரத்தசோகைக்குக் கொடுத்த மருந்தே அதைவிடக் கொடிய இரத்தசோகையைத் தருகிறது.

எதனால் இப்படி ஆயிற்று என்று தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம், மருந்தைத் தயாரித்த செல்லும் அல்ல, சுத்திகரித்த கருவியும் அல்ல. கண்ணாடிச் சிரிஞ்சில் ஊசி பொருத்துவதற்காகப் போடப்பட்ட மெல்லிய துளை. பயோசிமிலர் மாசு மதிப்பீட்டைப் பற்றி யோசிக்கும் யாரும் இந்த நிகழ்வை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முன்கதை

இந்தப் பயம் புதிதல்ல. மூல மருந்தான எப்ரெக்ஸே அதைச் சந்தித்திருக்கிறது. 1998-ல் ஐரோப்பாவில் அதன் கலவையிலிருந்து மனித ஆல்புமினை எடுத்துவிட்டு, புரதத்தை நிலையாக வைக்கப் பாலிசார்பேட் 80 சேர்த்தார்கள். மனித இரத்தத்திலிருந்து எடுத்த பொருள் மருந்தில் வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம் அது. அதன் பிறகு மஜ்ஜை முடங்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. 2002-ல் பிரான்சிலிருந்து 13 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வெளியானது. அவர்களில் 12 பேர் எப்ரெக்ஸ் எடுத்தவர்கள். அந்த ஆண்டின் இறுதியில், சிறுநீரக நோயாளிகளுக்கு எப்ரெக்ஸைத் தோலுக்கடியில் போடக் கூடாது என்று ஐரோப்பாவில் தடை வந்தது.

காரணம் என்ன என்பதில் பல கருத்துகள் இருந்தன. பாலிசார்பேட், சிரிஞ்சின் ரப்பர் அடைப்பானிலிருந்து சில வேதிப்பொருள்களைக் கரைத்து எடுத்தது என்றார்கள் சிலர். பாலிசார்பேட் துளிகளில் புரதம் ஒட்டி நின்றது என்றார்கள் வேறு சிலர். குளிர்ச்சி கெட்டதையும் சிலிகோன் எண்ணெயையும் சந்தேகித்தவர்களும் உண்டு. ஃப்ளூரோபாலிமர் பூசிய அடைப்பானுக்கு மாறி, போடும் முறையையும் மாற்றிய பிறகு நோயாளிகளின் எண்ணிக்கை சரிந்தது. இரண்டும் சேர்ந்து நடந்ததால் எதனால் சரிந்தது என்பது தனித்துத் தெரியவில்லை.

எச்எக்ஸ்575 ஐரோப்பிய அனுமதி பெற்றது 2007 ஆகஸ்டில். சாண்டோஸ் என்ற மருந்து நிறுவனம் அதை பினோக்ரிட் என்ற பெயரில் விற்றது. சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தநாளம் வழியாக மட்டுமே கொடுக்கலாம் என்பது அப்போதைய நிபந்தனை. தோலுக்கடியில் கொடுக்கவும் அனுமதி பெறுவதற்காக நடந்ததுதான் மேலே சொன்ன பரிசோதனை. தோலுக்கும் இரத்தநாளத்துக்கும் ஏன் இந்த வித்தியாசம்? தோலில் நோயெதிர்ப்புக் காவல் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. புரதம் அங்கே தேங்கி மெதுவாகக் கரைகிறது. கெட்டுப்போன புரதம் கொஞ்சம் இருந்தாலும் காவல் செல்கள் அதைப் பார்த்துவிட நேரம் கிடைக்கிறது.

மாசு என்றால் எதைச் சொல்கிறோம்

மருந்துத் தர விதிகளை நாடுகளுக்கிடையே ஒருங்கிணைக்கும் ஐசிஎச் என்ற சர்வதேச அமைப்பின் க்யூ6பி வழிகாட்டி, உயிர்தொழில்நுட்ப மருந்துகளுக்காக 1999-லேயே மாசுகளை வகை பிரித்துவிட்டது. செய்முறையிலிருந்து வருபவை ஒரு வகை: மருந்தை உருவாக்கிய செல்லின் சொந்தப் புரதங்கள், அதன் டிஎன்ஏ, வளர்ப்பு ஊடகத்தின் மிச்சம், சுத்திகரிப்புத் தூணிலிருந்து கழன்று வந்தவை. மருந்துப் புரதமே உருமாறி வருபவை இன்னொரு வகை: உடைந்த துண்டு, ஆக்சிஜனேற்றம் அடைந்தது, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டது. சிரிஞ்சு, அடைப்பான், பசை ஆகியவற்றிலிருந்து கசிந்து வருபவை தனிக் கோப்பில் போகின்றன. அந்தக் கோப்பைப் பெரும்பாலும் நச்சியல் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறார்கள்.

பயோசிமிலருக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மூல மருந்தின் செல்வரிசை (மருந்தை உருவாக்க வளர்க்கும் செல் வகை) வேறு, நம் செல்வரிசை வேறு, செய்முறையும் வேறு. ஆகவே செல் புரதங்களின் பட்டியல் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. மூல மருந்தில் இருக்கும் செல் புரதத்தை நம் மருந்துக்காக உருவாக்கிய எலிசா (எதிர்ப்பொருள்களைக் கொண்டு புரதத்தை அளக்கும் சோதனை) சரியாகப் பிடிக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. எனவே செய்முறை மாசுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை. அவற்றை அவற்றின் சொந்தத் தகுதியில்தான் மதிப்பிட வேண்டும். திரள்கள், உருமாறிய வடிவங்கள் போன்ற மருந்து சார்ந்த மாசுகளைத்தான் மூல மருந்தோடு நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும்.

செல் புரதம் எவ்வளவு தொல்லை தரும் என்பதற்கு ஐரோப்பாவின் முதல் பயோசிமிலரே சாட்சி. 2006 ஏப்ரலில் அனுமதி பெற்ற ஆம்னிட்ரோப் என்ற வளர்ச்சி ஹார்மோன், ஈ. கோலை பாக்டீரியாவில் தயாராகிறது. அதன் ஆரம்பகால வடிவத்தைப் பெற்ற குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஹார்மோனுக்கு எதிரான எதிர்ப்பொருள் வந்தது. பாக்டீரியாப் புரதம் மிச்சம் இருந்ததே காரணம் என்று கண்டு, கூடுதல் சுத்திகரிப்புப் படிகளைச் சேர்த்ததும் அந்த விகிதம் வெகுவாகக் குறைந்தது. நல்லவேளையாக, குழந்தைகளின் வளர்ச்சி பாதிக்கப்படவில்லை. அந்த மாசு எல்லாக் குப்பியிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. எதிர்ப்பொருளும் பலருக்கு வந்தது. அதனால் கண்ணில் பட்டது. எப்போயெட்டின் கதையில் இந்த இரண்டு வசதியும் இல்லை.

சில சிரிஞ்சுகள் மட்டும்

பரிசோதனையின் முடிவில், பயன்படுத்திய மருந்தின் இரண்டு பேட்ச்களில் ஒரு விஷயம் தெரியவந்தது. சிரிஞ்சுகளைத் தனித்தனியாகச் சோதித்தபோது, மிகச் சிலவற்றில் மட்டும் வழக்கத்துக்கு மாறான அளவில் புரதத் திரள்கள் இருந்தன. மற்றவை சரியாகவே இருந்தன. என் பார்வையில் இந்த வழக்கின் உயிர்நாடியே இதுதான்.

யோசித்துப் பாருங்கள். செல்லிலோ சுத்திகரிப்பிலோ கோளாறு இருந்திருந்தால் பேட்ச் முழுவதும் பாதிக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் எல்லாச் சிரிஞ்சும் ஒரே பாத்திரத்துத் திரவத்தால் நிரப்பப்பட்டவை. ஒரே திரவம், ஒரே சேமிப்பு, ஆனால் சிரிஞ்சுக்குச் சிரிஞ்சு வேறு விளைவு. அப்படியென்றால் திரவம் சிரிஞ்சுக்குள் போன பிறகு ஏதோ நடந்திருக்கிறது. காரணம் சிரிஞ்சுக்குச் சிரிஞ்சு மாறும் ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு கவனிப்பு, தேட வேண்டிய இடத்தை ஒரு தொழிற்சாலை அளவிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாய் அளவுக்குச் சுருக்கிவிட்டது.

விரிவான பகுப்பாய்வில் அந்தச் சிரிஞ்சுகளில் கரைந்த நிலையில் டங்ஸ்டன் என்ற உலோகம் இருப்பது தெரிந்தது.

டங்ஸ்டன் எப்படி உள்ளே வந்தது? ஊசி நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட கண்ணாடிச் சிரிஞ்சைச் செய்யும்போது, கண்ணாடியை 1200 டிகிரிக்கும் மேல் சூடாக்கி இளக வைத்து, அதன் முனையைக் குறுக்குகிறார்கள். உள்ளே துளை மூடிவிடாமல் இருக்க ஒரு மெல்லிய உலோகக் கம்பியைச் செருகி வைக்கிறார்கள். பிறகு அந்தத் துளையில் எஃகு ஊசியை வைத்துப் பசையால் ஒட்டுகிறார்கள். அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும் என்பதால் கம்பி டங்ஸ்டன். அதன் உருகுநிலை 3400 டிகிரிக்கும் மேல். ஆனால் உருகாவிட்டாலும் அந்தச் சூட்டில் காற்றுபட்டு ஆக்சைடாகிறது. கம்பியை இழுக்கும்போது துளையின் சுவரில் கொஞ்சம் படிந்து நிற்கிறது. எவ்வளவு படிகிறது என்பது கம்பியின் தேய்மானம், சூடு, பிறகு கழுவிய விதம் எல்லாவற்றையும் பொறுத்தது. சிரிஞ்சுக்குச் சிரிஞ்சு மாறுவதில் வியப்பில்லை. மருந்தை நிரப்பியதும் அது கரையத் தொடங்குகிறது.

குற்றத்தை நிறுவுதல்

சந்தேகத்துக்குரிய பொருள் அந்த இடத்தில் இருந்தது என்பது மட்டும் ஆதாரம் ஆகாது. ஆய்வாளர்கள் அடுத்து செய்ததுதான் ஒரு மாசு விசாரணை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான பாடம். நல்ல எப்போயெட்டின் திரவத்தில் டங்ஸ்டனின் கரையும் உப்பான சோடியம் பாலிடங்ஸ்டேட்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதோடு நிற்காமல், சிரிஞ்சு செய்யப் பயன்படும் அதே டங்ஸ்டன் கம்பிகளின் சாற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். இந்த இரண்டாவது சோதனை மிக முக்கியம். சுத்தமான வேதிப்பொருள் ஆய்வகத்தில் ஒன்றைச் செய்யும் என்பதால், தொழிற்சாலைக் கம்பியிலிருந்து வருவதும் அதையே செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டிலுமே திரள்கள் உருவாயின. இரண்டிரண்டாக ஒட்டியவையும் இருந்தன, அதைவிடப் பெரியவையும் இருந்தன. இரட்டைகள் டைசல்ஃபைட் பிணைப்பால், அதாவது இரண்டு கந்தக அணுக்கள் சேரும் பிணைப்பால், கோத்திருப்பதுபோல் தெரிந்தன. 165 அமினோ அமிலங்கள் கொண்ட எரித்ரோபொய்ட்டினில் இரண்டு டைசல்ஃபைட் பாலங்கள் உள்ளன. மடிந்த நிலையில் இருக்கும்வரை அவை தம் வேலையை மட்டும் பார்க்கின்றன. பாலிடங்ஸ்டேட் புரதத்தின் மடிப்பையே குலைக்கிறது என்பதும் தெரிந்தது. மடிப்பு குலைந்தால் உள்ளே இருந்த கந்தகம் வெளியே வந்து பக்கத்து மூலக்கூறின் கந்தகத்தோடு கைகோக்க வழி பிறக்கிறது. கண்டறிந்த இரட்டைகளுக்கு இந்த விளக்கம் இயல்பாகப் பொருந்துகிறது.

2012-ல் வெளியான அந்த ஆய்வு, டங்ஸ்டனால் வந்த மடிப்புக் குலைவையும் திரள்வையும் எதிர்ப்பொருளுக்கான "சாத்தியமான மூலக் காரணம்" என்று மட்டுமே முன்வைத்தது. அந்த நிதானத்தை நான் மதிக்கிறேன். குறிப்பிட்ட இரண்டு நோயாளிகளும் குறிப்பிட்ட கெட்ட சிரிஞ்சைப் பெற்றார்கள் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. போட்ட சிரிஞ்சு திரும்பி வருவதில்லை. பின்னர் 2017-ல் வெளியான இன்னொரு ஆய்வு, டங்ஸ்டனால் உருவான எரித்ரோபொய்ட்டின் திரள்கள் ஆய்வகத்தில் நோயெதிர்ப்பு அமைப்பின் டி செல்களைத் தூண்டுகின்றன என்று காட்டி, சங்கிலியில் விடுபட்டிருந்த ஒரு கண்ணியைச் சேர்த்தது.

கணக்கு போட்டுப் பார்த்தால்

ஏன் இது முன்பே பிடிபடவில்லை என்று கேட்பவர்களுக்காகச் சில கணக்குகள். இவை விளக்கத்துக்காக நான் போடுபவை. அந்த பேட்ச்களின் உண்மையான எண்கள் அல்ல.

நூறு சிரிஞ்சில் ஒன்று கெட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்து சிரிஞ்சை எடுத்துச் சோதித்தால், ஒன்றுகூடக் கெட்டதாக இல்லாமல் போகும் வாய்ப்பு 90 விழுக்காடு. 95 விழுக்காடு உறுதியோடு ஒன்றையாவது பிடிக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 300 சிரிஞ்சுகளைச் சோதிக்க வேண்டும். பல சிரிஞ்சுகளை ஒன்றாகக் கலந்து சோதித்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு சிரிஞ்சில் 20 விழுக்காடு திரள் இருந்தாலும், சுத்தமான ஒன்பதோடு கலந்தால் 2 விழுக்காடுதான் தெரியும். பேட்ச் தேறிவிடலாம்.

இப்போது அதே எண்ணை நோயாளியின் பக்கத்திலிருந்து பாருங்கள். வாரம் ஒரு ஊசி என்றால் ஆண்டுக்கு 52. அதில் ஒன்றாவது கெட்டதாக இருக்கும் வாய்ப்பு 41 விழுக்காடு. ஆய்வகத்துக்கு அரிதாகத் தெரிவது, நீண்ட காலம் மருந்து எடுப்பவருக்கு அரிதே இல்லை. பேட்சின் சராசரியை எந்த நோயாளியும் உடலில் ஏற்றிக்கொள்வதில்லை. அவருக்கு வருவது ஒரு சிரிஞ்சு, பிறகு இன்னொரு சிரிஞ்சு.

அளவையும் பார்த்துவிடலாம். 10,000 யூனிட் எப்போயெட்டின் என்றால் வெறும் 84 மைக்ரோகிராம் புரதம். ஏறக்குறைய அரை மைக்ரோகிராம் டங்ஸ்டன் இருந்தாலே ஒரு புரத மூலக்கூறுக்கு ஓர் அணு என்ற கணக்கு வந்துவிடும். 40 மில்லிகிராம் அளவில் கொடுக்கும் ஒரு மோனோகுளோனல் எதிர்ப்பொருள் மருந்தில் அதே டங்ஸ்டன் நூறு மூலக்கூறுக்கு ஓர் அணுதான். அப்படியென்று அவை தப்பிவிடும் என்று சொல்லவில்லை. கரைந்த டங்ஸ்டன் ஒரு மோனோகுளோனல் எதிர்ப்பொருளை வீழ்படிவாக்கும் என்று 2009-லேயே ஆய்வு வந்திருந்தது. ஆனால் ஒரே சிரிஞ்சு ஒரு மருந்துக்கு ஏற்றதாகவும் இன்னொன்றுக்கு ஆபத்தாகவும் இருக்க முடியும். "இந்தச் சிரிஞ்சு ஏற்கெனவே பல மருந்துகளில் பயன்படுகிறது" என்ற வாதத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை, காரணம் இதுதான்.

நச்சுக்கோடு எங்கே தவறுகிறது

மருந்துகளில் தனிம மாசுகளுக்கான ஐசிஎச் க்யூ3டி வழிகாட்டி 2014 டிசம்பரில் முடிவானது. ஈயம், காட்மியம், ஆர்சனிக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு போகலாம் என்ற வரம்பு அதில் உண்டு. டங்ஸ்டனுக்கு வரம்பு இல்லை. இயல்பான நச்சுத்தன்மை குறைவு போன்ற காரணங்களால் வரம்பு வகுக்காமல் விட்ட தனிமங்களின் பட்டியலில் அது அலுமினியம், இரும்பு, துத்தநாகத்தோடு நிற்கிறது. மனித உடலுக்கு அந்த அளவு டங்ஸ்டன் தீங்கு செய்யாது என்பது உண்மையாகவே இருக்கலாம். இங்கே அடிபட்டது மருந்து. உடல் அடிபட்டது அதன் பிறகுதான். நச்சியல் கணக்கு மட்டும் போட்டால் இந்த மாசு எந்தச் சல்லடையிலும் சிக்காது.

க்யூ6பி பிரித்த பெட்டிகளும் இங்கே உதவவில்லை. கசிந்து வந்த உலோகம் ஒரு பெட்டி, திரண்ட புரதம் இன்னொரு பெட்டி. ஒன்றுதான் மற்றதை உண்டாக்கியது என்ற செய்தி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. ஒரு பயோசிமிலர் கோப்பைப் படிக்கும்போது, ஒவ்வொரு மாசுக்கும் எதிரே "இது எவ்வளவு இருக்கிறது" என்ற கேள்வியோடு "இது நம் புரதத்தை என்ன செய்யும்" என்ற கேள்விக்கும் பதில் தேடுவது நல்லது. பதில் வேண்டுமென்றால் அந்த மாசைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சேர்த்து, புரதம் எந்த அளவில் கெடத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த அளவுக்குக் கீழேதான் சிரிஞ்சுக்கான டங்ஸ்டன் வரம்பை வைக்க வேண்டும். வரம்பு சிரிஞ்சு தயாரிப்பாளரின் வசதியிலிருந்து அல்ல, புரதத்தின் தாங்குதிறனிலிருந்து வர வேண்டும். திரள்களை ஆயுட்காலத்தின் முடிவில், கலக்காமல், தனித்தனிச் சிரிஞ்சுகளில் அளப்பதும் இதில் அடங்கும். வேலை அதிகம்தான், செலவும் அதிகம்தான்.

மருத்துவப் பரிசோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்பவும் முடியாது. 400 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை என்றால், உண்மையான ஆபத்து 0.75 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு என்று மட்டுமே புள்ளியியலால் சொல்ல முடியும். எப்ரெக்ஸின் மோசமான ஆண்டுகளில்கூட மஜ்ஜை முடக்கம், பத்தாயிரம் பேர் ஓராண்டு மருந்து எடுத்தால் சிலருக்கு என்ற அளவில்தான் நேர்ந்தது. அந்த வலையின் கண்கள் அவ்வளவு பெரியவை. இந்தப் பரிசோதனையில் இரண்டு பேர் சிக்கியதே எதிர்பாராதது.

பிறகு நடந்தது

டங்ஸ்டன் குறைந்த சிரிஞ்சுகளோடு எச்எக்ஸ்575 மீண்டும் பரிசோதனைக்குப் போனது. டயாலிசிஸில் இருப்பவர்களும் இல்லாதவர்களுமாக 400-க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு ஓராண்டு தோலுக்கடியில் கொடுத்தார்கள். மருந்தை முடக்கும் எதிர்ப்பொருள் ஒருவருக்கும் வரவில்லை. மேலே சொன்ன 0.75 விழுக்காட்டுக் கணக்கு இதற்கும் பொருந்தும். ஆனால் இந்த முறை அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு காரணமும், அதை நீக்கியதற்கான அளவீடும் இருந்தன. 2016-ல் சிறுநீரக நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் போட ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. டயாலிசிஸுக்கு இன்னும் போகாதவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்: ஒவ்வொரு முறையும் இரத்தநாளத்தைத் தேடிக் குத்த வேண்டாம், பிற்காலத்தில் டயாலிசிஸுக்குத் தேவைப்படும் நாளங்கள் பழுதாகாமல் இருக்கும், ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்.